மடியும் சீரும்

இரண்டு சம்பளம் வருகிற வீட்டில், பிள்ளையும் இல்லாதபோது, பணம் எங்கே போகிறது? முத்தரசுவிடம் இதைச் சொந்தக்காரர்கள் யாரும் நேராகக் கேட்டதில்லை. துண்டு எடுக்கிற சாக்கில் பீரோவைத் திறந்து பார்ப்பார்கள்.

கண்டனூரில், பழைய பெரிய வீடொன்றை ஓட்டலாக மாற்றியிருக்கும் இடத்தில் அவர் எலக்ட்ரீஷியன். மனைவி ரோகிணி காரைக்குடி ஜவுளிக்கடையில் பில் போடுகிறார். இரண்டு பேர் சம்பாதித்து இரண்டு பேர் சாப்பிடும் வீடு. முத்தரசுவின் தம்பி மாயக்கண்ணனோ வேன் ஓட்டி, அந்த ஒரே வருமானத்தில் மூன்று பிள்ளைகளை வளர்க்கிறார். அண்ணன் பதுக்குகிறார் என்ற முடிவுக்கு வர அதிக யோசனை தேவைப்படவில்லை.

உள்ளே நடந்தது வேறு. ஓட்டலில் சூப்பர்வைசர் வேலை காலியானபோது அவருக்குப் பின்னால் சேர்ந்தவருக்குக் கொடுத்தார்கள். "அவருக்கு ரெண்டு பொம்பளப் புள்ளைக. உங்களுக்கு என்ன செலவு?" என்றார் மேனேஜர். தீபாவளி, பொங்கல் டூட்டி மட்டும் தவறாமல் முத்தரசுவுக்கு விழுந்தது. மதுரையில் குழந்தைக்காகப் பார்த்த வைத்தியம் ரோகிணியின் நகைகளைத் தின்றிருந்தது. இதையெல்லாம் தம்பியிடம் ஒருமுறை சொல்லிப் பார்த்தார்.

"சரிண்ணே, சரி. உங்ககிட்ட நானா கணக்குக் கேட்டேன்?" என்று சிரித்தார் மாயக்கண்ணன்.

அதோடு முத்தரசு விளக்குவதை நிறுத்தினார். ரோஷக்காரரின் மௌனமும் பதுக்குகிறவரின் மௌனமும் வெளியிலிருந்து பார்க்க ஒன்றுபோலத்தான் இருக்கும். அவருடையது முழுக்க ரோஷம்தான் என்று சத்தியம் செய்ய முடியாது.

திருப்பத்தூரில் இருக்கும் தங்கை சத்தியப்பிரியா, தன் பெண் குழந்தைக்குக் காது குத்த நாள் பார்த்தார். மூத்த தாய்மாமன் மடியில் வைத்துத்தான் குத்துவார்கள். தோட்டையும் சீராக அவரே கொண்டுவர வேண்டும். தங்கை போனில் மடியையும் சீரையும் பிரித்தார்.

"தோட்டுச் செலவ நீங்க பாத்துக்கங்கண்ணே. மடியில சின்னண்ணன் உக்காரட்டும். புள்ளைகள வச்சுப் பழக்கம், அழாம பாத்துக்கிருவாரு."

காரணம் அதுவல்ல என்பது எல்லோருக்கும் தெரியும். பக்கத்தில் கேட்டுக்கொண்டிருந்த ரோகிணி, "நம்ம காசு ஆகும், மடி ஆகாதாக்கும்," என்றார்.

"நான்தான் உக்காருவேன். இல்லாட்டி சீரும் இல்ல, ஆளும் இல்ல," என்று முத்தரசு போனை வைத்தார்.

மறுநாளே தங்கை இறங்கி வந்தார். "நீங்களே உக்காருங்கண்ணே. இம்புட்டுக் கோவம் ஆகுமா?"

காசை வைத்து மிரட்டுகிறார் என்று மாயக்கண்ணன் போகிற இடமெல்லாம் சொன்னார். தங்கை இறங்கி வந்தது அண்ணனுக்காகவா, தோட்டுக்காகவா? முத்தரசுவுக்கும் இது தோன்றாமல் இருந்திருக்காது. ஆனாலும் தோடு வாங்கினார். ரோகிணி அதைக் கைப்பையில் வைத்துக்கொண்டார்.

குலதெய்வக் கோயிலில் முத்தரசு வெறுங்கையோடு பாயில் உட்கார்ந்தார்.

"தோடு எங்கண்ணே?" என்றார் தங்கை.

"வாங்கல."

ரோகிணி நிமிர்ந்து பார்த்தார்.

"நான் சொன்னேன்ல?" என்று மாயக்கண்ணன் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்.

சத்தியப்பிரியா குழந்தையை இடுப்பில் வைத்தபடி நின்றார். விசேஷத்துக்கு வந்தவர்கள் அத்தனை பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"இருக்கட்டும். காலச் சம்மணம் போட்டு நல்லா உக்காருங்க," என்று குழந்தையை அவர் மடியிலேயே வைத்தார். பாசமா, கூட்டத்துக்குப் பயந்ததா, சொல்ல முடியாது. குழந்தை வீறிட்டது. முத்தரசு அதன் தலையை மார்போடு அணைத்துப் பிடித்துக்கொண்டார். ஆசாரி தன்னிடமிருந்த மெல்லிய கம்பியைக் காதில் மாட்டிவிட்டார்.

இனியாவது கணவர் தோட்டைக் கேட்பார் என்று ரோகிணி பையின் ஜிப்பில் கைவைத்துக் காத்திருந்தார். முத்தரசு பந்தியில் சாப்பிட்டார், தங்கையிடம் சொல்லிக்கொண்டார், பஸ் ஏறினார். மறுவாரம் தோட்டை வாங்கிய கடையிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தார். ரோகிணியிடம்கூட அவர் காரணம் சொல்லவில்லை.