இருக்கிறாரா என்று எப்படிக் கேட்பது?

பல் மருத்துவமனை ஒன்றின் வரவேற்பு மேசையில் முப்பத்தோரு வருடம் உட்கார்ந்து, "நாளைக்குப் பத்து மணிக்கு வந்துடுவீங்கல்ல?" என்று ஊரையே போனில் விரட்டியவள் அவள். வேலையை விட்ட பிறகு கை சும்மா இருக்கவில்லை. தங்கை மகள் கணினியில் போட்டுக் கொடுத்த வம்சாவளி மென்பொருளில் குடும்பத்தை ஏற்ற ஆரம்பித்தாள். கிளை விட்டு, கொழுந்து விட்டு, முந்நூற்றுப் பதினாறு பேர் சேர்ந்தார்கள்.

ஒரு மழை நாளில் பட்டியலைப் பார்த்தவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. இறந்த தேதி போடாத அத்தனை பேரும் 'உயிருடன்' என்றே இருந்தார்கள். கொள்ளுத்தாத்தாவின் அப்பாவுக்கு நூற்று எழுபத்து நான்கு வயது. அவருக்குப் பிறந்தநாள் வாழ்த்து அனுப்பலாமா என்று மென்பொருள் வேறு கேட்டது.

நூற்றுப்பத்தைத் தாண்டியவர்களை ஒரே மூச்சில் 'காலமானவர்' ஆக்கினாள். "ஒரு மத்தியானத்துல அறுபது பேரை முடிச்சிட்டேன்" என்றாள் கணவரிடம்.

அவர் செய்தித்தாளிலிருந்து தலை தூக்காமல், "என் பேரு அதுல இருக்கா, பாத்துக்கோ" என்றார்.

எழுபது, எண்பது வயதுக்காரர்களிடம்தான் சிக்கல். ஒன்பது பேர் இருக்கிறார்களா இல்லையா என்றே தெரியவில்லை. போன் போட்டு, "நீங்க உயிரோட இருக்கீங்களா?" என்றா கேட்பது? முதலில் பெயிண்ட் மாமா. அப்பாவின் சித்தப்பா மகளைக் கட்டியவர். வீடுகளுக்கு வண்ணம் பூசியவர். பழைய எண்ணுக்கு அடித்தாள்.

"மாமா, நான்தான், பல் ஆஸ்பத்திரி."

மறுமுனையில் ஏதோ உருண்டு விழுந்தது. "நீயா? நீ போயிட்டேன்னு சொன்னாங்களே!"

"யாரு சொன்னா?"

"உன் அண்ணிதான். ரெண்டு வருஷம் முந்தி கடையில பாத்தப்ப, 'அவ இப்ப இல்ல, போயிட்டா'ன்னா. நான் அன்னைக்குப் பூரா சாப்பிடலம்மா!"

"ஐயோ மாமா, வேலையை விட்டுல்ல போனேன்!"

"அதைத் தெளிவாச் சொல்ல வேண்டாமா? சரி, என்னை எதுக்குத் தேடுன?"

உண்மையைச் சொன்னாள். இருமல் வருமளவுக்குச் சிரித்தார்.

ஞாயிற்றுக்கிழமை, எண்பத்தொரு வயதில், இரண்டு பேருந்து மாறி வந்து நின்றார். "சாட்சி சொல்ல வந்திருக்கேன்." திரைக்கு முன்னால் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, சந்தேகப் பட்டியலை ஒவ்வொரு பெயராகப் பார்த்தார். "இவன் கல்லுக்குண்டு மாதிரி இருக்கான். இவளுக்கு மூட்டுதான் போச்சு, வாய் அப்படியே இருக்கு."

எட்டாவதாக வந்தது அவருடைய மனைவியின் பெயர். அன்று போனில் சிரித்த சிரிப்பில், அத்தையைப் பற்றி அவள் கேட்கவே மறந்திருந்தாள்.

"போன வருஷம்மா" என்றார். "யாருக்கும் சொல்லல. சொல்ல வாய் வரல."

அவள் கை மவுஸிலேயே நின்றது. அவரே விரலை நீட்டி 'காலமானவர்' என்ற கட்டத்தைக் காட்டினார். பிறகு, "பக்கத்துல ஏதாவது எழுத இடம் இருக்கா?" என்றார்.

"இருக்கு மாமா."

"எழுது: கடைசி வரைக்கும் தான் குறட்டை விடலைன்னே சாதிச்சவ."

எழுதினாள். ஒற்றெழுத்து விட்டுப்போயிருக்கிறதா என்று அவர் கண்ணாடி போட்டு இரண்டு முறை சரிபார்த்தார்.