நிமிர்ந்து நின்றால் மாடி

ஞாயிற்றுக்கிழமைகளில் மும்பை மாட்டுங்கா வீட்டில் உட்கார்ந்து வரைபடம் வரைவது என் பழக்கம். யார் வேண்டுமானாலும் சேர்ந்து திருத்தக்கூடிய பொது வரைபடம் அது. செயற்கைக்கோள் படத்தில் தெரியும் கூரைகளைக் கோடிட்டு, எத்தனை மாடி, எதற்குப் பயன்படுகிறது என்று குறிக்க வேண்டும். தாராவியில் ஒரு சந்து என் பங்குக்கு வந்தது. நாற்பது கூரைகளுக்கும் 'ஒரு தளம், பட்டறை' என்று போட்டுவிட்டேன்.

அந்தச் சந்தில் வசிக்கும் ஒரு பெண் எங்கள் வரைபடக் குழுவுக்குக் குரல்செய்தி அனுப்பினார். வீடு வீடாகப் போய்க் குழந்தைகளுக்குச் சொட்டு மருந்து கொடுப்பவர். "எங்க சந்துல இம்புட்டுப் பிள்ளைய இருக்கு. படத்துல ஒண்ணுகூட வீடுன்னு இல்லையே."

வெட்கமாகிவிட்டது. அடுத்த ஞாயிறு நேரில் போனேன்.

அவருக்கு முப்பது முப்பத்திரண்டு வயதிருக்கும். சர்ச்சுக்குப் போய்விட்டு அதே பட்டுச்சேலையோடு வந்திருந்தார். செங்குத்தான இரும்பு ஏணிகளில் ஒரு கையால் சேலையைப் பிடித்தபடி ஏறினார். முழங்கால் வலியோடு நான் கீழே நின்றேன்.

"அக்கா, எழுதிக்கிடுங்க. கீழ பெல்ட் தைக்காங்க. மேல குடும்பம். அதுக்கு மேல எம்ப்ராய்டரி. வேலை செய்யுதவங்க அங்கேயே படுத்துக்கிடுதாங்க."

"அப்ப அது பட்டறையா, வீடா?"

"ரெண்டுந்தான். ஒண்ண மட்டும் எழுதினா பாதி ஆளு காணாம போயிருவாங்க."

அறைக்குள் பாதி உயரத்தில் பலகை போட்டு எழுப்பிய தட்டை அங்கே போட்மாளா என்பார்கள். அதை ஒரு மாடியாக எண்ணலாமா என்று எங்கள் குழுவில் வாரக்கணக்கில் விவாதித்திருந்தோம். அவரிடம் கேட்டேன்.

"நான் நிமிந்து நின்னா மாடி. குனிஞ்சா போட்மாளா."

அவர் ஐந்தடி உயரம். அதன்பின் ஒவ்வொரு இடத்திலும் ஏறி நின்றே பார்த்துச் சொன்னார். ஓரிடத்தில் கொண்டை கூரையில் இடித்தது. அதை அவிழ்த்துவிட்டு மறுபடி நின்றார். "தலை தட்டல. மாடின்னே போடுங்க." இத்தனை நேர்மையாக எதையும் நான் அளந்ததில்லை.

கடைசிக் கட்டடத்தில் தோல் பை செய்யும் பட்டறைக்காரர் வாசலை மறித்தார். "எதுக்கு மாடிய எண்ணுதீங்க? இடிக்கவா?"

 அந்தப் பெண் நிதானமாகச் சொன்னார். "பாய், உங்க ஆளுக்குக் காச்சல் வந்தப்ப மாத்திரை கொண்டாந்தேன்லா? மேல ஆளு இருக்கது எனக்குத் தெரியும், அதனால வந்தேன். தெரியாதவங்க எப்படி வருவாங்க?"

பட்டறைக்காரர் வாசலிலிருந்து விலகினார். பிறகு, "மூணு மாடின்னு எழுதுங்க. என்ன சரக்குன்னு மட்டும் வேண்டாம்" என்றார். அந்தப் பெண் என்னைப் பார்த்தார். 'பட்டறை, வீடு' என்று மட்டும் எழுதினேன்.

மறுநாள் ஆபீசில் மதிய இடைவேளையில் எல்லாவற்றையும் திருத்தினேன். இரண்டு வாரத்தில் அவரே தன் போனில் வரைபடத்தைத் திறந்து திருத்தக் கற்றுக்கொண்டார். இப்போது பக்கத்துச் சந்துகளையும் அவர்தான் பார்க்கிறார். நான் போடும் குறிப்புகளைச் சரிபார்ப்பதும் அவர்தான். போன வாரம் மூன்றைத் தப்பென்று திருப்பி அனுப்பினார்.