லோரீன் பார்த்த இரண்டு சாப்பாட்டுக்கூடங்கள்

நெப்ராஸ்காவில், சோளக்காடுகளுக்கு நடுவே ஒரு சின்ன ஊர். அங்கே இருக்கிற ஒரே பள்ளியில் லோரீன் பத்தொன்பது வருடமாக மதியச் சாப்பாடு பரிமாறுகிறாள். தட்டை நீட்டிவிட்டு வேறெங்கோ பார்க்கிறவனுக்கு அவளிடம் அரைக் கரண்டிதான். ‘மூஞ்சியப் பாத்து வாங்குடா’ என்பாள். வங்கி மேலாளர் வீட்டுப் பிள்ளையாக இருந்தாலும் அதே மரியாதைதான்.

அவளுடைய ஒரே மகள் டெஸ்ஸா படித்ததும் அங்கேதான். ஒன்றாம் வகுப்பிலிருந்து அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டவர்கள் குறைவு. ‘சாப்பாட்டுக்காரி பொண்ணு’ என்றால்தான் எல்லோருக்கும் தெரியும். லோரீன் அதை வசவாக எடுத்துக்கொண்டதே இல்லை. மகளும் அப்படித்தான் என்று நினைத்துக்கொண்டாள் பாருங்கள், அங்கேதான் கோட்டைவிட்டாள்.

டெஸ்ஸா கெட்டிக்காரி. இரண்டு கல்லூரிகள் முழுச் செலவையும் ஏற்றுக்கொண்டு அவளை அழைத்தன. ஒன்று கிழக்குக் கடற்கரையில், மாசசூசெட்ஸில். மற்றது மேற்குக் கடற்கரையில், ஓரிகனில். படிப்பு இரண்டிலும் ஒன்றுதான், அங்கே இருக்கிற ஆட்கள் எப்படி என்று பார்த்துத்தான் முடிவு என்றாள். லோரீன் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு இரண்டு இடத்துக்கும் கூடவே கிளம்பினாள். நீ வரவேண்டாம் என்று மகள் இரண்டு தடவை சொன்னாள். யார் காதில் விழுந்தது?

மற்ற பெற்றோர்கள் நூலகத்தையும் விடுதியையும் சுற்றிப் பார்த்தார்கள். லோரீன் நேராகச் சாப்பாட்டுக்கூடத்துக்குப் போய் உட்கார்ந்தாள். கிழக்கே பிள்ளைகள் கைபேசியில் கண்ணை வைத்துக்கொண்டே தட்டை நீட்டினார்கள். பரிமாறுகிற பெண் மனுஷியா கம்பமா என்றுகூட யாரும் பார்க்கவில்லை. லோரீனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவள் கையில் கரண்டி இல்லாதது அவர்கள் செய்த புண்ணியம்.

மேற்கே கதையே வேறு. செருப்புக்கூடப் போடாமல் திரிகிற பிள்ளைகள், பரிமாறுகிறவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, முட்டிவலி தேவலையா என்று விசாரித்தார்கள். லோரீனின் கண் கலங்கிவிட்டது. அந்தக் கலக்கத்திலேயே போய்ச் சமையலறை மேற்பார்வையாளரிடம் பேச்சுக் கொடுத்தாள்.

ஊர் திரும்பும் விமானத்தில் டெஸ்ஸா, “உனக்கு எதும்மா பிடிச்சிருக்கு?” என்று கேட்டாள்.

லோரீன் பார்த்ததையெல்லாம் கொட்டினாள். மகள் மடியில் நோட்டை வைத்துக்கொண்டு ஒன்றுவிடாமல் எழுதினாள். தன் பேச்சை இவ்வளவு கவனமாக யாரும் கேட்டதில்லை என்று தாய்க்காரிக்கு ஒரே பூரிப்பு.

“இன்னொண்ணு சொல்றேன் கேளு. அந்த மேற்குக் காலேஜ் கிச்சன்ல ஆகஸ்டுல ஆள் எடுக்கறாங்களாம். நானும் வந்துடறேன்டி. இங்க மாதிரியே தினமும் உன்னப் பாத்துக்கலாம்.”

டெஸ்ஸா நோட்டை மூடினாள். “சரிம்மா” என்றாள். அந்த ஒரு சொல்லை லோரீன் அப்படியே நம்பிவிட்டாள்.

மே முதல் தேதி, கல்லூரிக்குப் பதில் சொல்லக் கடைசி நாள். அன்றைக்குக் கடைசி வகுப்புப் பிள்ளைகள், தாங்கள் சேரப்போகும் கல்லூரியின் பெயர் போட்ட சட்டையோடு பள்ளிக்கு வருவார்கள். லோரீன் யாருக்கும் சொல்லாமல் ஓரிகனிலிருந்து ஒரு பச்சைச் சட்டை வரவழைத்திருந்தாள். ஏப்ரனை இடுப்போடு மடித்துக் கட்டிக்கொண்டு, நெஞ்சில் பெயர் தெரிகிற மாதிரி வந்து நின்றாள். மதியத்துக்குச் சில்லிக் குழம்பும், பட்டைப்பொடி தூவிச் சுருட்டிச் சுட்ட இனிப்பு ரோலும். அடுப்புத் தட்டின் நடுவில் வெந்த மெத்தென்ற ரோலை வழக்கம்போல மகளுக்கென்று ஒதுக்கி வைத்தாள்.

டெஸ்ஸா வரிசையில் வந்தாள். சாம்பல் நிறச் சட்டை. அதில் கிழக்குக் கல்லூரியின் பெயர்.

வரிசை முழுக்க இரண்டு சட்டையையும் மாறி மாறிப் பார்த்தது. வங்கி மேலாளர் மகன்தான் ஆரம்பித்தான்: “ஓரிகன்ல அம்மாவுக்கு மட்டும் சீட் கொடுத்துட்டாங்க போல!” கூடம் மொத்தமும் சிரித்தது. டெஸ்ஸாவும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே, கைபேசியில் கண்ணை வைத்தபடி தட்டை நீட்டினாள்.

லோரீனின் கரண்டி அந்தரத்தில் நின்றது.

“மூஞ்சியப் பாத்து வாங்குடி” என்றாள்.

“அங்க யாரும் பாக்க மாட்டாங்கன்னு நீதானேம்மா சொன்ன,” என்றாள் டெஸ்ஸா, நிமிராமலே. “அதுக்குத்தான் போறேன்.”

பெற்ற வயிறு என்ன செய்யும்? லோரீன் கரண்டி நிறைய மொண்டு ஊற்றினாள். ஒதுக்கி வைத்த ரோலை எடுத்துத் தட்டில் வைத்தாள். டெஸ்ஸா அதைத் திரும்ப எடுத்து ரோல்களோடு போட்டுவிட்டு, ஓரத்தில் இருந்த காய்ந்த ஒன்றை எடுத்துக்கொண்டு நகர்ந்தாள்.

அடுத்து நின்ற ஒன்பதாம் வகுப்புப் பையனுக்கு அரைக் கரண்டி விழுந்தது. அவன் பாவம், அவள் மூஞ்சியை நேராகப் பார்த்துத்தான் தட்டை நீட்டியிருந்தான்.