மூச்சைக் குறித்துவைத்தவர்

எங்கள் பிரிக்ஃபீல்ட்ஸ் தேவாலயப் பாடகர் குழுவை நடத்தும் பெண்ணுக்கு என்னைவிட இருபது வயது குறைவு. வாரநாட்களில் கிள்ளானில் ஒரு கப்பல் சரக்கு அலுவலகத்தில் வேலை. சனிக்கிழமை மாலை எங்களை மேய்ப்பது. வெகுகாலமாக முன்வரிசையில் நின்று பாடும் எனக்கு ஆரம்பத்தில் அவரைக் கண்டாலே ஆகாது.

அவரிடம் ஒரு வழக்கம் உண்டு. பக்கத்துப் பக்கத்தில் நிற்பவர்கள் ஒரே இடத்தில் மூச்சு எடுத்தால் பாட்டு அறுந்துவிடும். அதனால் யார் எந்தச் சொல்லில் மூச்சு எடுக்கிறார்கள் என்று தன் பாட்டுப் புத்தகத்தில் தேதி போட்டுக் குறித்துக்கொள்வார். வேறு வேலை இல்லையா என்று நினைப்பேன்.

ஒருநாள் பயிற்சி முடிந்ததும் தனியாகக் கூப்பிட்டார்.

“ஆன்டி, ஹார்ட் டாக்டர ஒருக்கா பாத்துடுங்க லா.”

எனக்குச் சுருக்கென்றது. கிளினிக்கில் ஆஸ்துமா என்று சொல்லி இன்ஹேலர் கொடுத்திருந்தார்கள். வயதாகிவிட்டது, இடத்தைக் காலி பண்ணு என்பதைத்தான் இவள் சுற்றிவளைத்துச் சொல்கிறாள் என்று முடிவுகட்டி, இரண்டு வாரம் பயிற்சிக்கே போகவில்லை.

அவர் விடவில்லை. லீவு போட்டுவிட்டு, பூச்சோங்கில் என் வீட்டு வாசலில் காரை நிறுத்தி, “ஏறுங்க” என்றார். கேட்டைத் தாண்டுவதற்குள் எனக்கு மூச்சு முட்டியது. சண்டை போடக்கூடத் தெம்பில்லை.

எக்கோ ஸ்கேன் பார்த்த டாக்டர் நிமிர்ந்து உட்கார்ந்தார். இதயத்திலிருந்து ரத்தம் வெளியேறும் வால்வுக்கு மூன்று இதழ் இருக்க வேண்டுமாம். எனக்குப் பிறவியிலேயே நான்கு. மிக அபூர்வமாம். அது சரியாக மூடாமல், வெளியே போன ரத்தம் உள்ளேயே திரும்பிக்கொண்டிருந்தது.

“எப்பருந்து மூச்சு வாங்குது?”

“ரெண்டு மாசமாத்தான்.”

கூட வந்திருந்த அவர் தன் பாட்டுப் புத்தகத்தை விரித்து டாக்டர் முன்னால் வைத்தார். ஒவ்வொரு வாரமும் நாங்கள் முதலில் பாடும் துதிப்பாடல். போன வருடம் ஒரே மூச்சில் பாடிய வரியை ஆறு மாதத்துக்கு முன் இரண்டாக உடைத்திருந்தேன், இப்போது நான்காக. எனக்கே தெரியவில்லை.

டாக்டர் பக்கம் பக்கமாகப் புரட்டினார். “இன்னும் தள்ளிப்போட்டா ஆப்பரேஷன் செஞ்சும் பிரயோஜனம் இருக்காது” என்றார்.

அந்த மாதமே புது வால்வு வைத்தார்கள். தையல் ஆறி நான் வீட்டில் நடமாடத் தொடங்கியபோது அந்தப் பெண் பார்க்க வந்தார். மன்னிப்புக் கேட்டுப் பழக்கமில்லாத வாய் எனக்கு. அவர் கையைப் பிடித்துக்கொண்டு தேம்பித் தேம்பி அழுதேன். அவர் தடுக்கவில்லை.

“நல்லா அழுங்க ஆன்டி” என்றார். “இப்பதான் மூச்சு இருக்குல்ல.”