கூழின் விலாசம்

அண்ணை கொல்லப்பட்ட பிறகு என்னை எட்டுத் தடவை விசாரித்துவிட்டார்கள். அவர் என் கூடப்பிறந்தவரில்லை. அரியாலைக் கடலில் நாங்கள் இருவரும் ஒரே வள்ளத்தில் தொழில் செய்தவர்கள். கரை மணலை அள்ளிப் போன லொறிகளை மறிக்க ஊரைத் திரட்டி, ஒரு மாதம் ரோட்டிலேயே குந்தியிருந்த மனிசன். ஒரு நாள் காலையில் கண்டல் மரங்களுக்குக் கிட்ட அடிபட்டுச் செத்துக் கிடந்தார். ஆர் செய்தது என்று இன்றுவரை தெரியாது.

அவரோடு கடைசியாகக் கதைத்தவன் நான். அதுவும் சண்டை. அதனால்தான் எனக்கு இந்த மரியாதை.

"என்ன சண்டை?" முதல் விசாரணையில், தமிழ் படித்த சிங்கள உத்தியோகத்தர் ஒருவர் கேட்டார்.

"கூழால வந்த சண்டை, ஐயா. கணவாய் மீன் போடக்கூடாது எண்டு அவர், போடவேணும் எண்டு நான்."

அவர் கனநேரம் சிங்களத்தில் எழுதினார். ஒன்றும் விளங்காமல் கையெழுத்து வைத்தேன்.

மூன்றாம் விசாரணைக்கு வேறொருவர் வந்தார். பழைய வாக்குமூலத்தைப் புரட்டிப் பார்த்தார்.

"இந்தக் கூழ் எங்கே இருக்கிறார்?"

"ஆர், ஐயா?"

"கூழ். தகராறுக்குக் காரணமானவர். விலாசம் சொல்லுங்கள்."

பக்கத்தில் இருந்த அக்காவைப் பார்த்தேன். அண்ணையின் மனைவி. அவ நிலத்தைப் பார்த்தா.

"ஐயா, அது குடிக்கிறது."

"குடிகாரரா?" அதையும் எழுதினார்.

பனங்கிழங்கைக் காயவைத்து இடித்த ஒடியல் மா, நண்டு, இறால், மரவள்ளி என்று நான் விளக்கி முடிக்க அரை மணித்தியாலம். வாசலில் நின்ற பொலிஸ்காரர் புளி எவ்வளவு விடுவது என்று கேட்டார். கூழை அன்றைக்கே விடுவித்துவிட்டார்கள். என்னை விடவில்லை.

எட்டாம் விசாரணையில் அக்கா எழும்பினா.

"அண்டைக்கு அவர் என்ன சாப்பிட்டவர், என்ன சாரம் கட்டினவர் எண்டு எல்லாம் கேட்டுப்போட்டியள். அந்த லொறியள் ஆரின்ரை எண்டு ஒருக்காலும் கேக்கேல்லை."

பையிலிருந்து ஒரு கொப்பியை எடுத்து மேசையில் வைத்தா. அண்ணையின் கையெழுத்தில் லொறி இலக்கங்கள்.

"முதல் நாளே இதின்ரை பிரதி தந்தனாங்கள்."

அதிகாரி கோப்புக்குள் முன்னும் பின்னும் தேடினார். "இங்கே இல்லையே, அம்மா."

"அப்ப இப்ப எழுதுங்கோ. எழுதினதை வாசியுங்கோ."

அவர் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி வாசித்தார். இரண்டு இலக்கம் பிழை. அக்கா திருத்தினா.

போன கிழமை அந்த அதிகாரிக்கும் இடமாற்றம் வந்துவிட்டது. இன்றைக்கு அக்கா சீலை மாற்றிக்கொண்டு, கொப்பியையும் எடுத்துக்கொண்டு புதியவரைப் பார்க்க முதல் பஸ்ஸுக்கே போய்விட்டா.