பூட்டாத தட்டுகள்

பணிமனையில் அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. 'இன்னொரு சுத்து' என்றால்தான் தெரியும். பேருந்துகளுக்குச் சக்கரம் மாட்டுவது அவர் வேலை. நட்டுகளை ஒன்றுக்கு எதிர் ஒன்றாக முடுக்கி, எல்லாம் இறுகிவிட்டதென்று மற்றவர்கள் கையைத் துடைக்கிற நேரத்தில், அவர் ஸ்பேனரை மறுபடி எடுத்து ஒவ்வொன்றுக்கும் இன்னொரு சுற்றுக் கொடுப்பார். பிறகு நட்டிலிருந்து சக்கரம் வரை வெள்ளைப் பெயின்ட்டால் ஒரே கோடு இழுப்பார். நட்டு மயிரிழை நகர்ந்தாலும் கோடு உடைந்து காட்டிக்கொடுத்துவிடும். தெருவில் பேருந்து வந்தால் அது எங்கே போகிறது என்று பார்க்க மாட்டார், கோட்டைத்தான் பார்ப்பார்.

"உங்க கை பட்ட சக்கரம், வண்டி மக்கிப் போனாலும் கழலாது," என்று டிரைவர்கள் கிண்டல் செய்வார்கள். அவருக்கு அது கிண்டலாகப் பட்டதே இல்லை.

அப்படிப்பட்டவருடைய மூத்த மகன்தான் ஒரு சாயங்காலம் ஜிம்மில் சுருண்டு விழுந்தான். பிறகு எழுந்திருக்கவில்லை. பிறவியிலேயே இதயத்தில் இருந்த கோளாறு, எடை தூக்கியதால் வந்ததல்ல, வீட்டில் படுத்துக் கிடந்திருந்தாலும் வந்திருக்கும் என்று டாக்டர் பொறுமையாக எடுத்துச் சொன்னார். இவரும் தலையாட்டினார். தலைதான் ஆடியது, மனசு ஒப்பவில்லை.

அதன் பிறகு அவருக்குப் பயம் என்பது வந்து போகிற விருந்தாளியாக இல்லாமல், வீட்டிலேயே தங்கிவிட்ட ஆளாகிவிட்டது. அவனுக்கு இளையவளான மகள் கண்ணாடிக் கடையில் வேலை பார்த்தாள். அவள் வரக் கொஞ்சம் தாமதமானால் வாசலுக்கும் உள்ளுக்குமாக நடப்பார். அவள் குளியலறையில் நேரம் எடுத்தால் கதவருகே போய்ச் செருமுவார். சூடு கண்ட பூனை என்பார்களே, அதுவாவது அடுப்பை மட்டும்தான் ஒதுக்கும். இவருக்கு உலகமே அடுப்பாகிவிட்டது.

மகளுக்கு எடை தூக்கக் கற்றுக்கொடுத்தவன் அண்ணன்தான். சில மாதம் சும்மா இருந்துவிட்டு ஒருநாள், மறுபடி ஜிம்முக்குப் போகிறேன் என்று ஆரம்பித்தாள்.

"அந்தப் பேச்சே எடுக்காத."

"டெஸ்ட் எல்லாம் எடுத்துப் பார்த்தாச்சுப்பா. எனக்கு ஒண்ணும் இல்லன்னு அவங்களே சொல்லிட்டாங்க."

"அவனுக்கும் முந்தின நாள் வரைக்கும் ஒண்ணும் இல்லதான்."

"அண்ணன் போனதுலேருந்து எனக்குத் தூக்கம் வரலைப்பா. முன்னெல்லாம் எடை தூக்கிட்டு வந்தா அடிச்சுப் போட்ட மாதிரி தூங்குவேன். எனக்கு அது வேணும். வேற ஒண்ணும் கேக்கல."

ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் வேலை செய்யும் அவர் மனைவிதான் வழி சொன்னாள். "அப்போ வீட்டுலயே வெச்சுக் குடுங்க. உங்க கண்ணு முன்னாடியே தூக்கட்டும். அவளும் தூங்குவா, நீங்களும் தூங்குவீங்க. நடுவுல நானும் கொஞ்சம் தூங்கிக்குவேன்."

பழைய சாமான் போட்டுவைத்திருந்த பின்னறை காலியானது. முதலில் சுத்தியலால் தரையைத் தட்டித் தட்டிப் பார்த்தார், எங்காவது உள்ளே வெற்றிடமாகக் கேட்கிறதா என்று. பணிமனையில் கழித்துப்போட்ட ரப்பர் விரிப்பை வாங்கிவந்து இரண்டு அடுக்காகப் போட்டார். மூலைகளில் கால் இடறும் என்று ஓரத்தை இழைத்துச் சரித்தார். கம்பியைத் தாங்குகிற இரண்டு தூண்களைப் பணிமனை வெல்டரிடம் செய்யச் சொல்லி, பற்றவைத்த இடங்களில் டார்ச் அடித்துப் பார்த்தார். படுத்துத் தூக்குகிற பெஞ்சின் மேல் மகள் படுப்பதற்கு முன் மூன்று நாள் சிமென்ட் மூட்டைகள் படுத்திருந்தன. சுவரில் கண்ணாடி வேண்டும், முதுகு நேராக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும் என்றாள் மகள். கண்ணாடி உடையும் பொருள் என்று மறுத்துவிட்டார்.

"நான் பாத்துச் சொல்றேன், நேரா இருக்கான்னு."

"ஐயோ, இவரு ஜிம்மா கட்டறாரு? ஐசியூ இல்ல கட்டறாரு," என்றாள் மனைவி.

கடைசியில் கம்பியும் எடைக்கான இரும்புத் தட்டுகளும் வந்தன. தட்டுகளைக் கம்பியின் இரு முனையிலும் கோத்துவிட்டு, அவை நழுவாமல் இருக்க ஸ்பிரிங் கிளிப் மாட்டினாள் மகள். அவருக்குப் பிடித்துப்போனது. ஆனால் பெஞ்சில் மல்லாந்து படுத்து, கம்பியை நெஞ்சுக்கு மேலே தூக்கி இறக்குகிற பயிற்சி வந்தபோது, இரண்டு கிளிப்பையும் கழற்றித் தரையில் வைத்தாள்.

அவர் குனிந்து கிளிப்புகளைக் கையில் எடுத்தார். "ஏன் கழட்டற?"

"இதுக்கு மட்டும் போட மாட்டோம்பா. இது அப்படித்தான்."

"தட்டு நழுவினா?"

"நழுவாதுப்பா. நேராத்தானே புடிக்கிறேன்."

அதற்குமேல் அவள் சொல்லவில்லை. தனியாகத் தூக்கும்போது கை சோர்ந்து கம்பி நெஞ்சில் உட்கார்ந்துவிட்டால், ஒரு பக்கமாகச் சாய்த்துத் தட்டுகளைக் கீழே சரியவிட்டுத்தான் தப்ப வேண்டும். அதற்காகத்தான் பூட்டாமல் வைப்பது. இதைச் சொல்ல வாய் வரை வந்தது. 'கம்பி என் மேல விழுந்தா' என்று ஆரம்பித்தால் அப்பா வாக்கியம் முடிவதற்குள் பெஞ்சையே தூக்கி வெளியில் வைத்துவிடுவார் என்று அவளுக்குத் தெரியும். விழுங்கிவிட்டாள்.

அவர் அதன் பிறகு எந்தச் சக்கரத்தை மாட்டினாலும் அந்தப் பூட்டாத தட்டுகள்தான் கண்ணில் நின்றன. பணிமனை லேத்தில் மெல்லிய இரும்பு வளையம் இரண்டு கடைந்தார். பக்கவாட்டில் துளை போட்டு, சின்னச் சாவியால் முடுக்குகிற திருகு வைத்தார். தட்டோடு தட்டாக இருக்கட்டும், அவள் கண்ணை உறுத்தக் கூடாது என்று கறுப்புப் பெயின்ட் அடித்தார். மகளோடு சண்டை போடாமலே அவளைக் காப்பாற்றிவிடலாம் என்பது அவர் கணக்கு.

அன்று அவர் வேலை முடிந்து வந்தபோது மனைவி இன்னும் வரவில்லை. மகள் முதல் தடவை தூக்கி முடித்து, கம்பியைத் தூண்களில் வைத்துவிட்டு, தண்ணீர் குடிக்கச் சமையலறைக்குப் போயிருந்தாள். தட்டுகள் வெறுமனே கோத்து நின்றன. அவர் பையிலிருந்து வளையங்களை எடுத்து மாட்டினார். முடுக்கினார். கை பழக்கத்தில் இன்னொரு சுற்றும் கொடுத்தார். நிம்மதியாகக் குளிக்கப் போனார்.

மகள் வந்து படுத்தாள். படுக்கிறவள் பார்ப்பது மேலே உள்ள கம்பியைத்தான். முனையை யார் பார்க்கிறார்கள்.

தலைக்கு மேல் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தவருக்கு எதுவும் கேட்கவில்லை. சோப்புப் போடக் குழாயை மூடினார். அப்போது, "அப்பா" என்று ஒரு குரல் வந்தது. கத்தலாக இல்லை. பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரைக் கூப்பிடுகிற மாதிரி, மூச்சே இல்லாத குரல். மகன் விழுந்த அன்று அவன் யாரையாவது இப்படிக் கூப்பிட்டிருப்பானோ என்று எத்தனையோ முறை நினைத்த குரல்.

துண்டைச் சுற்றிக்கொண்டு ஓடினார். கம்பி அவள் கழுத்தெலும்பின் மேல் கிடந்தது. தொண்டைக்கு உருளாமல் இரண்டு கையாலும் அதைத் தடுத்துக்கொண்டிருந்தாள். முகம் கறுத்திருந்தது. ஒரு பக்கம் சாய்க்கப் பார்க்கிறாள், தட்டுகள் அசையவில்லை. அவர் நடுவில் பிடித்துத் தூக்கினார். சோப்புக் கை வழுக்கியது. கம்பி மறுபடி அவள்மேல் உட்கார, அவள் வாயிலிருந்து ஒரு சத்தம் வந்தது. அந்தச் சத்தத்தை அவர் பின்னால் யாரிடமும் விவரித்ததில்லை.

யோசிக்க நேரமில்லை. மண்டியிட்டு, கம்பியின் ஒரு முனைக்கு அடியில் தோளைக் கொடுத்து எழுந்தார். மறுமுனை தரையில் இடித்து நின்றது. கிடைத்த இடைவெளியில் அவள் உருண்டு வெளியே விழுந்தாள்.

இருமல் அடங்க வெகுநேரம் ஆனது. அவர் அவள் முதுகில் கையை வைத்தபடியே உட்கார்ந்திருந்தார். மூச்சு வருகிறது, போகிறது என்று கைக்குத் தெரிந்தும் நம்பிக்கை வரவில்லை. அவள் எட்டிப் பார்த்து, கறுப்பு வளையத்தை விரலால் தொட்டாள்.

"இது நீங்க போட்டதாப்பா?"

"கழண்டு உன் மேல விழுந்துடக் கூடாதுன்னு..."

"கழண்டு விழணும்பா. கீழ விழணும். அதுக்குத்தான் பூட்டாம வெச்சேன்." குரல் கரகரத்தது. "நான் உங்ககிட்ட சொல்லிருக்கணும். சொன்னா எல்லாத்தையும் பிரிச்சுப் போட்டுடுவீங்கன்னு பயந்துட்டேன்."

அவர் தன் வலக்கையைப் பார்த்தார். வாழ்நாள் முழுக்க இறுக்கியே ஆளைக் காப்பாற்றிய கை அது. இன்று அந்தக் கையே பெற்ற பிள்ளையைக் கொன்றிருக்கும். அதைச் செய்தபோது அவருக்கு இருந்தது நிம்மதி. இனி எந்த நிம்மதியை நம்புவது?

மனைவி வந்து மகள் கழுத்தில் சிவந்த கோட்டைப் பார்த்தாள். நடந்ததைக் கேட்டாள். இரண்டு பேரையும் ஒன்றாகத் திட்டினாள். "ஊருல மத்தவங்க வீட்டுல பயம் வந்தா வாய்விட்டுச் சொல்லுவாங்க. இந்த வீட்டுல அப்பனும் மகளும் பயத்த ஒளிச்சு ஒளிச்சு வெச்சு ஒருத்தர ஒருத்தர் கொல்லப் பாக்கறீங்க."

ஒரு வாரம் அந்த அறைக் கதவு திறக்கவில்லை. அவர் எல்லாவற்றையும் விற்றுவிடுவார் என்றே மகள் நினைத்தாள். சுவரைப் பார்த்துப் படுத்து, தூங்காமல் விடிந்த காலைகள் அவள் கண்ணுக்குக் கீழே தெரிந்தன. அவர் அதைப் பார்த்தார். வெல்டரை அழைத்துவந்து, தூண்களில், படுத்திருப்பவளின் நெஞ்சு உயரத்தில் இரண்டு இரும்புக் கைகள் வைத்தார், தவறினாலும் கம்பி அதில் உட்காரும்படி. பிறகு மகளிடம் வந்து நின்றார்.

"நான் எங்க நிக்கணும்?"

"என்னப்பா?"

"நீ படுத்துத் தூக்கும்போது கூட ஒரு ஆள் நிக்கணுமாமே. ஜிம்முக்குப் போற வெல்டர் மகன் சொன்னான். எங்க நிக்கணும்?"

தலைமாட்டில் நிற்கச் சொன்னாள். இரண்டு கையையும் விரித்து, கம்பிக்கு அடியில், கம்பியைத் தொடாமல் வைத்திருக்க வேண்டும். அது இறங்கினால் கையும் இறங்க வேண்டும், ஏறினால் ஏற வேண்டும். ஆனால் அவள் கேட்கும்வரை பிடிக்கக் கூடாது.

அவர் செய்த வேலைகளிலேயே அதுதான் கஷ்டமானது. ஒன்றைக் கையருகில் வைத்துக்கொண்டு இறுக்காமல் நிற்பது அவருக்கு வராத வித்தை. முதல் நாள் கம்பி பாதி இறங்கும் முன்பே பிடித்துவிட்டார். மறுநாளும் பிடித்தார்.

"தொடாதீங்கப்பா. இது என் எடை."

"தெரியுது. கை கேக்கல."

மூன்றாம் நாள் அவர் பிடிக்கவில்லை. மகள் கம்பியைத் தூண்களிலிருந்து எடுத்து, நேராக மேலே நிறுத்தினாள். இறக்கவில்லை. தலைக்குமேல் தலைகீழாகத் தெரிந்த அப்பாவின் முகத்தைப் பார்த்தாள். உதட்டை இறுக மூடிக்கொண்டு, கன்னம் உப்பி, கண் பிதுங்க நின்றுகொண்டிருந்தார்.

"மூச்சு விடுங்கப்பா," என்றாள். அவர் விட்ட பிறகுதான் கம்பியை இறக்கத் தொடங்கினாள்.