ஜீப்பில் இருந்தபடி கேட்ட கேள்வி

கல்வராயன் மலையில் புதிய தார்ச்சாலை மக்கள் வாழ்க்கையை எப்படி மாற்றியிருக்கிறது என்று கணக்கெடுக்கப் போயிருந்தேன். சாலையோரத் தனி வீடொன்றின் முன் ஜீப்பை நிறுத்தி, உள்ளே உட்கார்ந்தபடியே அங்கிருந்த பெண்ணிடம் கேட்டேன்: "ரோடு வந்தது நல்லதாம்மா?"

"நல்லதுதாங்க. எம் மவ பிரசவத்துக்கு ஆம்புலன்சு வாசலுக்கே வந்துச்சு."

"குறை ஏதாவது?"

"முன்னெல்லாம் நடந்து வர்றவங்க இங்க தண்ணி குடிச்சிட்டுப் பேசிக்கினு இருப்பாங்க. இப்ப பஸ்சு நிக்காம போயிடுது. தெனமும் பானைய ரொப்பி வைக்கிறேன், நானே குடிக்கிறேன்." சிரித்தார். "நீங்களும் எறங்காமதான கேக்குறீங்க?"

இறங்கினேன். தண்ணீர்ச் சொம்பை நீட்டியபடி, "உங்க வூட்ல யாரு இருக்காங்க?" என்றார்.

கணக்கெடுக்கப் போன அத்தனை வீடுகளிலும் நான் கேட்காத கேள்வி அது. என்னிடமும் வெகுகாலமாக யாரும் கேட்டதில்லை.

"யாரும் இல்லீங்க" என்றேன்.

இன்னொரு சொம்பு மொண்டு தந்தார். தாகம் தீர்ந்திருந்தும், மெதுவாகக் குடித்தேன்.